வளைவில் காரின் நடத்தையும் பின் சஸ்பென்ஷனும்: ஒரு முழுமையான வழிகாட்டி

ரேஸ் காரின் பின் சஸ்பென்ஷனில் ஸ்பேனரை வைப்பதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங்கோ, கார் சாய்வதை எதிர்க்கும் கம்பியான ஆன்டி ரோல் பாரோ, ஸ்பிரிங்கின் அசைவைத் தணிக்கும் டேம்பரோ புதிதாகப் பிடிப்பை உண்டாக்குவதில்லை. டயரிடம் இருக்கும் பிடிப்பை முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் எப்படிப் பங்கிடுவது, வளைவின் எந்தக் கட்டத்தில் பங்கிடுவது என்பதையே அவை தீர்மானிக்கின்றன. பின்புறத்தை இறுக்கியதும் கார் கூர்மையாகத் திரும்புகிறது என்றால், முன் டயர்களுக்கு வேலை எளிதாகியிருக்கிறது, பின் டயர்களுக்குக் கடினமாகியிருக்கிறது என்று பொருள். அந்த விலையைக் கார் வளைவின் எந்த இடத்தில் செலுத்துகிறது என்று பார்க்கத் தெரிவதே சஸ்பென்ஷன் சரிசெய்யும் கலையின் பெரும்பகுதி.

இங்கே சொல்லப்படுபவை முதன்மையாக, இருங்காட்டுக்கோட்டையிலும் கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயிலும் ஓடுவதைப் போன்ற இலகுவான, பின் சக்கரங்களால் இயங்கும் ஒற்றை இருக்கை கார்களுக்கானவை. ஒவ்வொரு சக்கரத்திலும் இரட்டை விஷ்போன் (சக்கரத்தைக் காரோடு இணைக்கும் V வடிவக் கைகள்), தனித்தனி ஸ்பிரிங், மாற்றக்கூடிய ஆன்டி ரோல் பார் ஆகியவை இருப்பதாகக் கொள்கிறேன். ஒரே அச்சாக அமைந்த பின்புறம் கொண்ட ஸ்டாக் கார்களுக்கும் முன் சக்கர இயக்கக் கார்களுக்கும் கணக்கு சற்று மாறுவதால், அவற்றைப் பின்னர் தனியே பார்க்கலாம்.

இறுக்கினால் ஏன் பிடிப்பு குறைகிறது

ஓட்டுநருடன் 600 கிலோ எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் எடையில் 55 சதவீதம், அதாவது 330 கிலோ, பின் அச்சில் இருக்கிறது. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 0.3 மீட்டர் உயரத்திலும், இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 1.4 மீட்டராகவும் இருக்கட்டும். இந்தக் கார் 1.5 ஜி (புவியீர்ப்பின் ஒன்றரை மடங்கு) பக்கவாட்டு விசையுடன் வளைவை எடுக்கும்போது, உட்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமார் 193 கிலோ சுமை இடம்பெயர்கிறது. எடை, விசை, உயரம் மூன்றையும் பெருக்கிச் சக்கர இடைவெளியால் வகுத்தால் கிடைக்கும் இந்த எண்ணை எந்த ஸ்பிரிங்காலும் மாற்ற முடியாது. அதில் எவ்வளவை முன் அச்சு சுமக்கிறது, எவ்வளவைப் பின் அச்சு சுமக்கிறது என்பதை மட்டுமே நாம் மாற்ற முடியும். எந்த அச்சு சாய்வை அதிகமாக எதிர்க்கிறதோ, அது அதிகப் பங்கைச் சுமக்கும்.

டயரின் மேல் சுமை ஏறினால் அதன் பிடிப்பும் ஏறும், ஆனால் அதே விகிதத்தில் ஏறாது. எடுத்துக்காட்டாக, 165 கிலோ சுமையில் ஒரு டயரின் பிடிப்புக் கெழு 1.6 என்றும், மேற்கொண்டு ஏறும் ஒவ்வொரு 10 கிலோவுக்கும் அது 0.013 குறைகிறது என்றும் வைத்துக்கொள்வோம். சுமை இடம்பெயராத நிலையில் பின் டயர்கள் இரண்டும் சேர்ந்து 528 கிலோ அளவுக்குப் பக்கவாட்டில் பிடித்து நிற்கும். இடம்பெயரும் சுமையில் பாதி பின் அச்சுக்கு வந்தால் வெளிப்பக்க டயரில் 261 கிலோவும் உட்பக்க டயரில் 69 கிலோவும் நிற்க, மொத்தப் பிடிப்பு 504 ஆகக் குறைகிறது. பின் பாரை இறுக்கி அந்தப் பங்கை 60 சதவீதமாக்கினால் அது 493 ஆகிவிடும். 330 கிலோ அச்சை 1.5 ஜி விசையில் தாங்க 495 தேவை. ஆகவே இந்தக் கார் அந்த வேகத்தில் பின்புறத்தை இழக்கத் தொடங்கும். அதே நேரத்தில் முன் அச்சின் பிடிப்பு 418இலிருந்து 427ஆக உயர்ந்திருக்கும், அதற்குத் தேவையோ 405 மட்டுமே. எண்கள் கற்பனை டயருக்கானவை என்றாலும், பத்து சதவீதப் பங்கு மாற்றம் ஒரு சமநிலையான காரை ஓவர்ஸ்டீர் செய்யும் (பின்புறம் முதலில் வழுக்கும்) காராக மாற்றும் விதம் இதுதான்.

முதல் படி: தொடக்க நிலையைப் பதிவு செய்தல்

தளம் சமமாக இல்லாத இடத்தில் எடுத்த அளவுகள் பயன்படாது. சமன்செய்த தட்டுகளின் மேல் காரை நிறுத்தி, ஓட்டுநரையோ அவருடைய எடைக்கு ஈடான மணல் மூட்டையையோ இருக்கையில் வைத்து, எரிபொருளைப் பாதி அளவில் நிரப்பி, டயர்களில் ஓடும்போது இருக்கும் அழுத்தத்தைக் கொடுத்த பிறகே நான்கு மூலை எடைகளையும் பார்க்க வேண்டும். அப்போது ஆன்டி ரோல் பார்களின் இணைப்பைக் கழற்றிவிடுவது அவசியம். முறுக்கேறிய பார் ஒரு மூலையின் எடையைத் திரித்துக் காட்டும். ஒரு மூலையில் ஸ்பிரிங் இருக்கையை உயர்த்தினால் அந்த மூலையிலும் அதற்கு மூலைவிட்டமாக எதிரே உள்ள மூலையிலும் எடை கூடும். இடமும் வலமும் திரும்ப வேண்டிய தடத்தில் ஓடும் காருக்கு, முன் இடது, பின் வலது இரண்டின் கூட்டுத்தொகை மொத்த எடையில் பாதியாக இருக்கும்படி அமைப்பதே முறை. ஒரு பக்க வளைவில் நன்றாகவும் மறுபக்க வளைவில் மோசமாகவும் நடந்துகொள்ளும் காரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதையே.

பின்னர் நூல் கட்டி டோ அளவையும் (மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது), கோணமானி கொண்டு கேம்பரையும் (முன்னிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் சாய்வு; மேல்முனை உள்நோக்கிச் சாய்ந்தால் எதிர்மறை), ரைடு ஹைட்டையும் (தரையிலிருந்து காரின் உயரம்), டேம்பரின் திருகு நிலைகளான கிளிக்குகளையும் எழுதி வைக்க வேண்டும். கிளிக்குகளை முழுவதும் மூடிய நிலையிலிருந்து எண்ணுவதே வழக்கம். திறந்த நிலையிலிருந்து எண்ணினால் எண்ணிக்கை டேம்பருக்கு டேம்பர் மாறும். விஷ்போன் பேரிங்குகளில் ஆட்டம் இருக்கிறதா என்று சக்கரத்தைக் கையால் பிடித்து அசைத்துப் பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். பேரிங் தேய்ந்த காரின் ஓவர்ஸ்டீரைப் பாரை மாற்றித் தீர்க்க முயல்வது வீண் வேலை.

இரண்டாம் படி: குறையை வளைவின் கட்டத்தோடு பொருத்துதல்

“கார் ஓவர்ஸ்டீர் செய்கிறது” என்று ஓட்டுநர் சொல்வது போதாது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஸ்டீயரிங்கைத் திருப்பும் நுழைவுக் கட்டத்திலா, பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் இல்லாமல் கார் வளைவில் நிலைத்து ஓடும் நடுக்கட்டத்திலா, ஆக்சிலரேட்டரை அழுத்தி வெளியேறும் கட்டத்திலா என்று கேட்க வேண்டும். நுழைவில் சஸ்பென்ஷன் நகர்ந்துகொண்டிருப்பதால் டேம்பரும் டோவும் பேசுகின்றன. நடுக்கட்டத்தில் நகர்வு நின்றுவிடுவதால் ஸ்பிரிங்கும் பாரும் ரோல் சென்டரும் (கார் சாயும்போது அந்த அச்சு சுழலும் கற்பனைப் புள்ளி) கேம்பரும் ஆள்கின்றன. வெளியேறும்போது ஸ்பிரிங்கும் பாரும், இரு பின் சக்கரங்களுக்கும் சக்தியைப் பங்கிடும் டிஃபரன்ஷியலும் சேர்ந்து உட்பக்கப் பின் டயரின் கதியைத் தீர்மானிக்கின்றன.

இதில் பலரை ஏமாற்றும் ஒரு சூழ்நிலை உண்டு. நடுவளைவில் முன்புறம் வழுக்குவதால் ஓட்டுநர் ஸ்டீயரிங்கை மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போகிறார். பிறகு பொறுமையிழந்து ஆக்சிலரேட்டரை அழுத்தும்போதோ திடீரென விடும்போதோ, ஏற்கெனவே அதிகமாகத் திருப்பப்பட்டிருந்த முன் டயர்கள் சட்டெனப் பிடிக்க, பின்புறம் விலகிப்போகிறது. திரும்பி வந்தவுடன் அவர் வெளியேறும் கட்டத்தின் ஓவர்ஸ்டீரைப் பற்றியே புகார் சொல்வார். அதை நம்பிப் பின்புறத்தை மென்மையாக்கினால் உண்மையான நோயான அண்டர்ஸ்டீர் (முன்புறம் வழுக்குவது) இன்னும் மோசமாகும். ஸ்டீயரிங் கோணத்தைப் பதிவு செய்யும் கருவி இருந்தால் இது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால், பின்புறம் விலகுவதற்கு முந்தைய நொடியில் கை எவ்வளவு திரும்பியிருந்தது என்று ஓட்டுநரிடம் கேட்டே ஆக வேண்டும்.

மூன்றாம் படி: டயரைப் படித்தல்

கார் பிட்டுக்குள் வந்தவுடன், ஊசி முனை வெப்பமானியால் ஒவ்வொரு டயரின் உள், நடு, வெளிப் பகுதிகளின் வெப்பத்தையும், அதன் சூடான அழுத்தத்தையும் எடுக்க வேண்டும். நடுப்பகுதி மட்டும் சூடாக இருந்தால் காற்றழுத்தம் அதிகம். இரு ஓரங்களும் நடுவைவிடச் சூடாக இருந்தால் குறைவு. உள் ஓரம் மட்டும் மிகச் சூடாக இருந்தால் எதிர்மறைக் கேம்பர் அளவுக்கு மீறியிருக்கிறது. இருங்காட்டுக்கோட்டையில் காலை செஷனில் சரியாக இருந்த அழுத்தம் பிற்பகல் வெயிலில் கூடிவிடும் என்பது அங்கே ஓட்டியவர்கள் அனைவரும் அறிந்ததே. ஆகவே பிற்பகலில் பின்புறம் வழுக்கத் தொடங்கினால் முதலில் எடுக்க வேண்டியது அழுத்தமானியை.

நான்காம் படி: பின் ஆன்டி ரோல் பார்

நடுக்கட்டச் சமநிலைக்கு இதுவே முதல் கருவி. இரண்டு நிமிடத்தில் மாற்றலாம். ரைடு ஹைட்டையோ மூலை எடையையோ குலைக்காது. கார் நேராக ஓடும்போது குறுக்கிடாது. பின் பாரை இறுக்கினால் பின்புறம் அதிகச் சுமைப் பங்கை ஏற்று, அண்டர்ஸ்டீர் குறையும். தளர்த்தினால் ஓவர்ஸ்டீர் குறையும். திண்மப் பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுவதால், 16 மி.மீ. பாரை எடுத்துவிட்டு 18 மி.மீ. பாரைப் போட்டால் விறைப்பு 60 சதவீதம் கூடிவிடும். பார்ப்பதற்குச் சிறிதாகத் தோன்றும் இந்த 2 மி.மீ. வித்தியாசம் ஒரே தாவலில் காரின் குணத்தையே மாற்றக்கூடியது. பாரின் கைகளில் உள்ள துளைகளில் இணைப்பைச் சுழல் மையத்துக்கு அருகே கொண்டுவந்தால் இறுகும், தள்ளினால் தளரும். தகட்டுக் கை கொண்ட பாரில் தகட்டைப் படுக்கையிலிருந்து நிமிர்த்தினால் இறுகும்.

இதன் விலை வெளியேறும் கட்டத்தில் தெரியும். பின் பார் இறுகினால் உட்பக்கப் பின் டயரில் சுமை குறைகிறது. ஓபன் டிஃபரன்ஷியல் உள்ள காரில் அந்த டயர் வெறுமனே சுழன்று, எஞ்சினின் சக்தி புகையாகப் போகும். பின் சக்கர இயக்கக் காரில் அண்டர்ஸ்டீரைத் தீர்க்கப் பின் பாரை இறுக்குவதைவிட, இடமிருந்தால் முன் பாரைத் தளர்த்துவதே நல்லது என்பது என் கருத்து. உந்துவிசைக்குத் தேவையான பிடிப்பை விற்று முன்புறத்தை வாங்குவது பெரும்பாலும் நட்டக் கணக்கு. முன் பார் ஏற்கெனவே மிகத் தளர்ந்த நிலையில் இருந்தால் மட்டும் பின்புறத்தைத் தொடலாம்.

ஐந்தாம் படி: ஸ்பிரிங்

பார் சாய்வை மட்டுமே எதிர்க்கிறது. ஸ்பிரிங் சாய்வையும், பிரேக் பிடிக்கும்போது பின்புறம் எழுவதையும், ஆக்சிலரேட்டரில் பின்புறம் அமர்வதையும், மேடுபள்ளத்தையும் ஒருசேரக் கையாள்கிறது. அதனால்தான் ஸ்பிரிங்கை மாற்றினால் வளைவின் மூன்று கட்டங்களிலும் ஏதோ ஒன்று மாறும். ஸ்பிரிங்கின் மேல் எழுதியிருக்கும் எண்ணையும் சக்கரம் உணரும் விறைப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. சக்கரம் 10 மி.மீ. உயரும்போது ஸ்பிரிங் 8 மி.மீ. மட்டுமே அமுங்கினால், நகர்வு விகிதம் 0.8; அதன் இருமடியான 0.64ஆல் பெருக்க, ஒரு மி.மீ.க்கு 100 நியூட்டன் என்ற ஸ்பிரிங் சக்கரத்தில் 64 நியூட்டனாகவே உணரப்படும். இந்தக் கணக்கைச் செய்யாமல் வேறொரு காரின் ஸ்பிரிங் எண்ணைக் கடன் வாங்குவதில் பயனில்லை.

வெளியேறும்போது பின்புறம் பிடிக்காமல் போனால் பின் ஸ்பிரிங்கை மென்மையாக்கலாம். மேடுபள்ளமான வளைவுகளில் இது உடனே பலன் தரும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 நாட்களில் சென்னை தீவுத்திடலைச் சுற்றியுள்ள 3.5 கிலோமீட்டர் தடத்தில் நடந்த தெருப் பந்தயத்தைப் போல, பொதுச் சாலையே தடமாகும் இடங்களில் நிரந்தரத் தடத்துக்கான விறைப்பான ஸ்பிரிங் பொருந்தாது. அளவுக்கு மீறி மென்மையாக்கினாலோ, காரின் பின்புறம் அமர்ந்து, முன்புறம் எழுந்து, வெளியேறும்போது கார் அகன்று செல்லும். ஸ்பிரிங்கை மாற்றிய ஒவ்வொரு முறையும் ரைடு ஹைட்டையும் மூலை எடையையும் மறுபடி அமைக்காமல் தடத்துக்கு அனுப்பினால், மாறியது ஸ்பிரிங்கா உயரமா என்று யாராலும் சொல்ல முடியாது.

டேம்பர் தண்டில் ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தை மாட்டி வைப்பது மலிவான, ஆனால் மிகப் பயனுள்ள பழக்கம். அது தண்டின் எல்லை வரை தள்ளப்பட்டிருந்தால் கார் பம்ப் ஸ்டாப்பில் (டேம்பர் முழுவதும் அமுங்காமல் தடுக்கும் முட்டு) மோதுகிறது. நடுவளைவில் வெளிப்பக்கப் பின் டேம்பர் பம்ப் ஸ்டாப்பைத் தொடும் கணத்தில் அந்த மூலையின் விறைப்பு பன்மடங்காகி, எச்சரிக்கையே இல்லாமல் பின்புறம் வெட்டிப்போகும். படிப்படியாக வராமல் சட்டென வரும் ஓவர்ஸ்டீர் என்றால் முதலில் அந்த வளையத்தைப் பாருங்கள்.

ஆறாம் படி: ரைடு ஹைட்டும் ரோல் சென்டரும்

பின்புறத்தை 2 அல்லது 3 மி.மீ. உயர்த்தினாலே பல கார்கள் நுழைவில் கூர்மையாகின்றன. புவியீர்ப்பு மையம் சிறிது உயர்வது ஒரு காரணம். விஷ்போன் கோணம் மாறிப் பின் ரோல் சென்டரும் உயர்வது பெரிய காரணம். ரோல் சென்டர் உயர்ந்தால், ஸ்பிரிங் அமுங்கும் வரை காத்திராமல் விஷ்போன் வழியாகவே சுமை வெளிப்பக்க டயருக்குப் போய்விடுகிறது. அதனால் பின்புறம் சாய்வது குறைகிறது, ஆனால் அதன் சுமைப் பங்கு கூடுகிறது. இறக்கை உள்ள காரில் பின்புறம் உயர்வது காற்றியல் சமநிலையையும் முன்னோக்கி நகர்த்தும். 2010களில் ரெட் புல் ஃபார்முலா 1 கார்கள் பின்புறம் வெளிப்படையாகவே உயர்ந்து நின்றது, தரைக்கும் டிஃப்யூசருக்கும் (காரின் அடியில் பின்புறம் மேல்நோக்கி விரியும் காற்று வழி) இடையிலான விரிவைக் கூட்டவும் முன் இறக்கையைத் தரைக்கு அருகே கொண்டுவரவும்தான். வேகம் குறைந்த வளைவில் நன்றாகவும் வேக வளைவில் மட்டும் பின்புறம் நிலையில்லாமலும் இருந்தால், ஸ்பிரிங்கை விட்டுவிட்டுப் பின் இறக்கையையும் ரைடு ஹைட்டையும் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: டோவும் கேம்பரும்

பின் டோவை விளையாட்டாக மாற்றக் கூடாது. பின் சக்கரங்கள் சற்று உள்நோக்கி இருக்கும்போது, சுமை ஏறும் வெளிப்பக்கச் சக்கரம் வளைவின் உட்பக்கத்தை நோக்கித் தள்ளுவதால் பின்புறம் நிதானமாக இருக்கும். 13 அங்குல ரிம்மில் பக்கத்துக்கு 1 மி.மீ. டோ இன் என்பது ஏறத்தாழ 10 கலைக் கோணம் (ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு). அவ்வளவு சிறிய அளவே நுழைவின் நம்பகத்தன்மையை மாற்றிவிடும். அளவு மிகுந்தால் நேர்ப்பாதையில் டயர் தேய்ந்து வேகம் குறையும். வெளிநோக்கிய டோவோ பிரேக் பிடிக்கும்போதே பின்புறத்தைத் தள்ளாட வைக்கும். பின் சக்கர இயக்கக் காரில் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நிற்கும்போது சரியாக இருக்கும் டோ, சக்கரம் மேலும் கீழும் நகரும்போது மாறுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும்: ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தை 25 மி.மீ. மேலேயும் கீழேயும் நகர்த்தி டயல் கேஜில் அளந்தால் தெரிந்துவிடும். டோ கம்பியின் உயரத்தை ஷிம் எனும் மெல்லிய தகடு வைத்து மாற்றி இதைச் சரிசெய்யலாம்.

கேம்பரில் பின்புறத்துக்கு இரு எஜமானர்கள். வளைவில் வெளிப்பக்க டயர் தட்டையாக அமர எதிர்மறைக் கேம்பர் வேண்டும். வளைவைவிட்டு நிமிர்ந்து சக்தியைத் தரையில் இறக்க டயர் நேராக நிற்க வேண்டும். ஆகவே பின் கேம்பர் பெரும்பாலும் முன்னைவிடக் குறைவாகவே வைக்கப்படுகிறது. கேம்பரை மாற்றினால் டோவும் மாறும். மறுபடி நூல் கட்டாமல் விடக் கூடாது.

எட்டாம் படி: டேம்பர்

டேம்பர் எவ்வளவு சுமை இடம்பெயர்கிறது என்பதை மாற்றுவதில்லை, எவ்வளவு விரைவில் இடம்பெயர்கிறது என்பதையே மாற்றுகிறது. கார் சாய்ந்து முடிந்து நிலைத்த பிறகு அதற்குப் பேச்சில்லை. ஸ்டீயரிங் திரும்பத் தொடங்கும் நொடியில் வெளிப்பக்கப் பின் டேம்பர் அமுங்க, உட்பக்கப் பின் டேம்பர் நீள்கிறது. இந்த இரண்டில் எதை இறுக்கினாலும் அந்த நொடிக்கு மட்டும் பின்புறம் அதிகச் சுமைப் பங்கை ஏற்று, கார் விரைவாகத் திரும்பும். நுழைவில் மட்டும் பின்புறம் நழுவினால் பின் ரீபவுண்டை (டேம்பர் நீள்வதற்கான எதிர்ப்பு) இரண்டு கிளிக் தளர்த்திப் பார்ப்பது முதல் முயற்சி. ரீபவுண்ட் மிக இறுகியிருந்தால், அடுத்தடுத்து மேடுகள் வரும் இடத்தில் சக்கரம் கீழே திரும்பி வருவதற்குள் அடுத்த மேடு வந்துவிட, பின்புறம் படிப்படியாகத் தாழ்ந்து பம்ப் ஸ்டாப்பில் போய் நிற்கும்.

நான்கு வழிச் சரிசெய்தல் உள்ள டேம்பரில் ‘லோ ஸ்பீடு’, ‘ஹை ஸ்பீடு’ என்பவை தண்டின் வேகத்தைக் குறிப்பவை. காரின் வேகத்தோடு தொடர்பில்லை. சாய்வும் பிரேக்கில் எழுவதும் மெதுவான தண்டு அசைவுகள், தடத்தின் ஓரத்தில் உயர்ந்திருக்கும் கெர்ப் மேல் ஏறுவது வேகமான அசைவு. வெளியேறும் இடத்தில் கெர்ப் மேல் ஏறும்போது மட்டும் பின்புறம் துள்ளினால் பின் ஹை ஸ்பீடு பம்ப்பை (டேம்பர் அமுங்குவதற்கான எதிர்ப்பு) தளர்த்த வேண்டும். லோ ஸ்பீடைத் தொட்டால் நன்றாக இருந்த நுழைவும் கெடும்.

ஒரே அச்சுக் கார்களும் முன் சக்கர இயக்கமும்

அமெரிக்க ஓவல் தடங்களின் ஸ்டாக் கார்களில் பின்புறம் நெடுங்காலம் ஒரே உறுதியான அச்சாக இருந்தது. அதைப் பக்கவாட்டில் பிடித்து நிறுத்தும் ட்ராக் பாரின் உயரமே பின் ரோல் சென்டரை நிர்ணயித்தது. பாரை உயர்த்தினால் கார் ‘லூஸ்’, தாழ்த்தினால் ‘டைட்’. ஓவர்ஸ்டீருக்கும் அண்டர்ஸ்டீருக்கும் அங்கே வழங்கும் சொற்கள் அவை. எல்லா வளைவும் இடப்புறமே என்பதால் மூலை எடைகளைச் சமமாக வைக்கத் தேவையில்லை: பின் இடது ஸ்பிரிங்கின் திருகை இறுக்கினால் பின் இடதிலும் முன் வலதிலும் எடை கூடிக் கார் டைட் ஆகும். பிட் நிறுத்தத்தில் பின் கண்ணாடித் துளை வழியாக நீண்ட ஸ்பேனரை விட்டுத் திருகுவது இதற்காகத்தான். 2015இல் அமெரிக்க ஸ்டாக் கார் பந்தயமான நாஸ்கார் கப் போட்டியில் ஓட்டுநரே இருக்கையிலிருந்து ட்ராக் பாரை மாற்ற அனுமதி வந்தது. 2022இல் அறிமுகமான புதிய தலைமுறைக் காரில் பின்புறம் தனித்தனிச் சஸ்பென்ஷனாக மாறியதும் ட்ராக் பாரே இல்லாமல் போயிற்று.

2010இல் இந்தியாவில் தொடங்கிய போலோ கப் கார்களைப் போன்ற முன் சக்கர இயக்கக் கார்களில், பின் டயருக்கு உந்துவிசைப் பொறுப்பு இல்லை. எனவே மேலே நான் நட்டக் கணக்கு என்று சொன்னது இங்கே லாபக் கணக்காகிறது: பின்புறத்தைத் தயங்காமல் விறைப்பாக்கலாம், உட்பக்கப் பின் சக்கரம் தரையைவிட்டு எழுந்தாலும் பாதகமில்லை. சக்கரம் முழுவதும் எழுந்துவிட்ட பிறகு பின் அச்சு ஏற்கக்கூடிய சுமைப் பெயர்ச்சி முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் பாரை இறுக்குவதால் எதுவும் மாறாது.

ஒன்பதாம் படி: சோதிக்கும் ஒழுங்கு

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். முதல் முயற்சியில் மாற்றம் தெளிவாக உணரப்படும் அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். ஒரு கிளிக்கை மாற்றிவிட்டு ஓட்டுநரின் முகத்தைப் பார்ப்பதில் பொருளில்லை. மாற்றத்துக்கு முன் சில லேப், மாற்றத்தோடு சில லேப், மீண்டும் பழைய நிலையில் சில லேப் என்று ஓட்டினால்தான், தடம் சூடானதால் வந்த முன்னேற்றத்தையும் ஸ்பேனரால் வந்த முன்னேற்றத்தையும் பிரிக்க முடியும். என்ன மாற்றினோம் என்பதை ஓட்டுநரிடம் சொல்லாமல் விட்டால் பதில் இன்னும் நேர்மையாக வரும். பல ஓட்டுநர்களுக்கு இது பிடிக்காது, ஆனாலும் செய்து பார்க்கத் தகுந்தது. லேப் நேரத்தை மட்டும் பார்க்காமல், வளைவு முடிந்து நேர்ப்பாதை தொடங்கும் இடத்தின் வேகத்தையும் குறிக்க வேண்டும். பின் சஸ்பென்ஷனில் செய்த தவறான மாற்றம் முதலில் அங்கேதான் அகப்படும்.

மழை வந்தால்

ஈரத்தில் பக்கவாட்டு விசை குறைவதால் இடம்பெயரும் சுமையும் குறைகிறது. விறைப்பான பின்புறம் அங்கே தேவையற்ற ஆபத்து. பின் பாரின் ஒரு பக்க இணைப்பைக் கழற்றிவிடுவதே மிக விரைவான மாற்றம். நேரம் இருந்தால் பின் டேம்பர்களில் பம்ப், ரீபவுண்ட் இரண்டையும் தளர்த்தி, எதிர்மறைக் கேம்பரைக் குறைத்து, தேங்கிய நீரில் அடித்தளம் மிதக்காதபடி ரைடு ஹைட்டைச் சில மி.மீ. உயர்த்தலாம். இணைப்பைக் கழற்றினால், தொங்கும் கம்பி டயரில் உரசாமல் கட்டி வைக்க மறக்கக் கூடாது. தடம் உலரத் தொடங்கியதும் முதலில் மீட்டுப் பொருத்த வேண்டியது பாரை. டேம்பர் அதற்கு அடுத்து. கேம்பரையும் உயரத்தையும், அளவு எடுக்கச் சமதளமும் நேரமும் கிடைக்கும் அடுத்த செஷன் வரை அப்படியே விட்டுவைக்கலாம்.